எந்தக் கட்டத்து நம்பரை எடுக்கறோம்னு முதல்ல சொல்லிக்குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து எழுதறேன். காலேஜ் பிள்ளைங்களுக்குப் புள்ளியியல் நடத்தறேன், சாயங்காலம் லேப்ல புள்ளியியல் கணக்குக்கான ஆர்ங்கற கம்ப்யூட்டர் மொழியும் சொல்லிக்கொடுக்கறேன். சேர்க்கை சீசன் வந்தாலே உங்க பேப்பர்ல டேட்டா சயின்ஸ், ஏஐ, மெஷின் லேர்னிங்னு பக்கம் பக்கமா விளம்பரம் வருது. சந்தோஷம்தாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைன்னு நம்ம பக்கத்துப் பிள்ளைங்க வீட்டுலேர்ந்தே பஸ் ஏறிப் போய் இதெல்லாம் படிக்க முடியுதுன்னா நல்லதுதான். ஆனா அந்த விளம்பரம் எதுலயும் இல்லாத, பாடத்திட்டத்துல ஒரே ஒரு வரியில முடிஞ்சுபோற ஒரு விஷயத்தைப் பத்திதான் இந்தக் கடிதம். ஒரு அட்டவணையில இருந்து வேண்டிய நிரையை (குறுக்கு வரிசை), வேண்டிய நிரலை (மேலேர்ந்து கீழே போற வரிசை), வேண்டிய கட்டத்தைச் சரியா எடுக்கறது. மேட்ரிக்ஸ் இண்டெக்சிங்னு சொல்வாங்க. இதைத்தான் முதல் மாசம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கணும்னு நான் நினைக்கறேன், மாடல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, பிள்ளைங்க ப்ராஜெக்ட்ல கணக்குப் போடறதுல தப்பு வர்றது கம்மி, கணக்கை மெஷின் போட்டுடுது. கணக்குக்கு எடுத்த நம்பரே வேற ஊரோடதா, வேற நாளோடதா இருக்கறதுதான் நான் அதிகம் பாக்கறது. ஃபார்முலா தப்பா இருந்தா பெரும்பாலும் சிவப்பு எழுத்துல எரர் வரும், பையன் கையைத் தூக்கி கேப்பான். கட்டம் மாறிப்போனா ஒண்ணும் வராது, ஒரு நம்பர் வரும், பாக்க நல்லாவும் இருக்கும், கிராஃப் வரும், அதை பைண்ட் பண்ணி சப்மிட் பண்ணிடுவாங்க.

ஆர் மொழி தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. நியூசிலாந்துல ஆக்லாந்து யுனிவர்சிட்டியில ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஜான் சேம்பர்ஸ் உருவாக்கின எஸ் மொழியோட வழியில வந்தது. காசு கிடையாது, இறக்கிக்கலாம், பழைய லேப்டாப்புலயும் ஓடும். ஃபீஸ் கட்டவே கஷ்டப்படற வீட்டுப் பிள்ளைங்க நிறைய இருக்கற நம்ம காலேஜ்களுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு லேப்ல நிக்கறவங்களுக்குத் தெரியும். நான் குறை சொல்ல எழுதலை, அந்த மொழி மேல எனக்கு அவ்ளோ மரியாதை.

இண்டெக்ஸ்னா என்னன்னு நம்ம ஊர் ஆளுங்களுக்குப் புரியவைக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பயிர் அறுவடைப் பரிசோதனை பாத்திருப்பீங்க. இன்சூரன்ஸ் கணக்குக்காக ஒவ்வொரு வருவாய் கிராமத்துலயும் வயலை ரேண்டம் நம்பர் வச்சு தேர்ந்தெடுத்து, வயலோட தென்மேற்கு மூலையில நின்னுகிட்டு, நீளவாக்குல இத்தனை தள்ளி, அகலவாக்குல இத்தனை தள்ளின்னு ரெண்டு நம்பர் பாத்து நடந்து போய், அங்க 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அந்த 25 சதுர மீட்டர் நெல்லை மட்டும் அறுத்து எடை போடுவாங்க. அதை 400-ஆல பெருக்கினா ஹெக்டேருக்கு எவ்ளோன்னு வந்துடும். அந்த ரெண்டு நம்பர்தாங்க இண்டெக்ஸ். மழை[3, 2]ன்னு ஆர்ல எழுதினா மழை அட்டவணையில மூணாவது நிரை, ரெண்டாவது நிரல்ல இருக்கற கட்டம். நிரை முதல்ல, நிரல் அப்புறம், நடுவுல ஒரு கமா. வயல்ல நீளத்தையும் அகலத்தையும் மாத்தி நடந்தா வேற இடத்து நெல்லை அறுப்போம், அந்த நெல்லும் நெல்லுதான், எடையும் வரும், அந்த கிராமத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா இல்லையாங்கறதும் அந்த எடையை வச்சுத்தான் முடிவாகும்.

இப்ப முதல் குழி எங்க இருக்குன்னு சொல்றேன். பேப்பர்ல வர்ற மழை அளவை ஒரு பிள்ளை டைப் பண்ணுதுன்னு வைங்க. திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நன்னிலம்னு நாலு ஊர், அக்டோபர், நவம்பர், டிசம்பர்னு மூணு மாசம், மொத்தம் 12 நம்பர். நாம படிக்கறபடியே இடமிருந்து வலமா, திருவாரூரோட மூணு மாசம், அடுத்து மன்னார்குடியோட மூணு மாசம்னு அடிச்சுக்கிட்டே போகும். புரியறதுக்காக அந்த நம்பர்களை 1, 2, 3ன்னு 12 வரைக்கும் வச்சுக்குவோம். திருவாரூருக்கு 1, 2, 3, மன்னார்குடிக்கு 4, 5, 6. இதை ஆர்கிட்ட குடுத்து நாலு நிரையா மேட்ரிக்ஸ் ஆக்குன்னா, அது இடமிருந்து வலமா நிரப்பாது, மேலேர்ந்து கீழே நிரப்பும். முதல் நிரல்ல 1, 2, 3, 4, ரெண்டாவதுல 5, 6, 7, 8, மூணாவதுல 9, 10, 11, 12. திருவாரூர் நிரையில இப்ப 1, 5, 9 நிக்குது. மன்னார்குடி அக்டோபர் கட்டத்துல 2 நிக்குது, அது திருவாரூரோட நவம்பர் மழை. ஃபோர்ட்ரான்ங்கற பழைய கம்ப்யூட்டர் மொழி காலத்துலேர்ந்து வர்ற வழக்கம் இது, தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா சொல்லிக்கொடுக்கலைன்னா பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மொத்தத்தைக் கூட்டிப் பாத்தா ரெண்டுலயும் 78தான் வரும், அதனால கூட்டுத்தொகை டேலி ஆயிடுச்சு மேடம்னு நிம்மதியா போயிடுவாங்க. திருவாரூருக்கு மட்டும் கூட்டினா சரியான கணக்குல 6, தப்பான கணக்குல 15. பைரோ = ட்ரூன்னு ஒரு வார்த்தை சேத்துட்டா நிரை நிரையா நிரப்பும், பிரச்சினை தீந்துச்சு. அந்த ஒரு வார்த்தையை பரீட்சையில யாரும் கேக்கறதில்லை.

அடுத்தது கமா. மழை[2, ]ன்னு கமா போட்டு அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதாம விட்டா மன்னார்குடியோட மூணு மாசமும் வரும். மழை[, 2]ன்னா எல்லா ஊரோட நவம்பர். கமாவே இல்லாம மழை[2]ன்னு போட்டா அட்டவணையை ஒரே நீளக் கயிறா மேலேர்ந்து கீழே எண்ணி ரெண்டாவது நம்பர் ஒண்ணே ஒண்ணு வரும். மழை[7]ன்னா, சரியா நிரப்பின அட்டவணையில, திருத்துறைப்பூண்டியோட நவம்பர். எரர் கிடையாது. இதுல இன்னொரு சிக்கல், ஃபைல்லேர்ந்து ரீட் சிஎஸ்வி போட்டு வாசிச்சா வர்றது மேட்ரிக்ஸ் இல்லை, டேட்டா ஃபிரேம், அதாவது நிரல் நிரலா சேத்து வச்ச வேற வகை அட்டவணை. ரெண்டும் திரையில ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா டேட்டா ஃபிரேம்ல கமா இல்லாம 2ன்னு போட்டா ரெண்டாவது நிரல் முழுசா வரும். ஒரே எழுத்து, ரெண்டு அர்த்தம். நான் பிள்ளைங்ககிட்ட சொல்றது, கையில இருக்கறது எதுன்னு முதல்ல கிளாஸ் போட்டுக் கேளு, டிம் போட்டு எத்தனை நிரை எத்தனை நிரல்னு கேளு, அப்புறம் பிராக்கெட்டைத் தொடுன்னுதான்.

டெல்டாவுல எல்லாரும் தினம் பாக்கற ஒரு அட்டவணை உங்க பேப்பர்லயே இருக்கு. மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை டிஎம்சி. முழு மட்டம் 120 அடி, முழு கொள்ளளவு 93.47 டிஎம்சின்னு எங்க தெருவுல சின்னப் பையன்கூட சொல்லுவான். ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி, விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டிஎம்சி. இந்தக் கட்டத்தைத் தினம் எடுத்து வருஷத்துக்கு ஒரு நிரல், நாளுக்கு ஒரு நிரைன்னு அடுக்கினா அருமையான மேட்ரிக்ஸ் ஆயிடும், பிள்ளைங்க ஆசையா செய்வாங்க. இப்ப ஜூன் 12 எப்படி இருந்துச்சுன்னு வருஷா வருஷம் ஒப்பிடணும், குறுவைக்குத் தண்ணி திறக்கற நாள் இல்லையா அது. ஜனவரி 1லேர்ந்து எண்ணினா ஜூன் 12 வருஷத்தோட 163-வது நாள், அதனால மேட்டூர்[163, ]ன்னு போடறாங்க. 2019, 2021, 2022, 2023க்கு சரி. 2020-லயும் 2024-லயும் பிப்ரவரிக்கு 29 நாள், அந்த வருஷங்கள்ல 163-வது நாள் ஜூன் 11. 2020-ல அணையைத் திறந்தது சரியா ஜூன் 12-ந் தேதி. ஆக அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் திறக்கறதுக்கு முந்தின நாள் வெளியேற்றம் வந்து உக்காந்துக்கும், அதைப் பாத்துட்டு 2020-ல தண்ணி சரியாத் திறக்கலைன்னு ப்ராஜெக்ட்ல எழுதிடுவாங்க. ஒரு நிரை தள்ளிப்போனதால ஒரு வருஷத்து வரலாறே மாறுது. இதுல ஒரு சுவையான சேதி, ஆர் மொழியோட 1.0.0 பதிப்பு வெளிவந்ததே 2000-மாவது வருஷம் பிப்ரவரி 29-ந் தேதிதான்.

இதுக்கு வழி சுலபம்தாங்க. பிப்ரவரி 29-க்கும் ஒரு நிரை ஒதுக்கி, 28 நாள் வருஷங்கள்ல அதைக் காலியா விட்டு, தேதி பாத்து அடுக்கி, நிரைக்குப் பேர் வைக்கணும். ஜூன் 12ன்னே பேர் வச்சு, நம்பருக்குப் பதிலா அந்தப் பேரைக் கொட்டேஷன் போட்டு பிராக்கெட்டுக்குள்ள குடுத்தா 163-ஆ இருந்தா என்ன 164-ஆ இருந்தா என்ன, ஜூன் 12தான் வரும். பேர் சொல்லிக் கூப்பிடற பழக்கத்தைத்தான் முதல் நாள்லேர்ந்து வரவைக்கணும்.

நிரலுக்கு வருஷம்னு பேர் வைக்கறதுலயும் ஒரு தெளிவு வேணும், இது நம்ம பக்கத்துக்கே உரிய பிரச்சினை. சம்பா ஆகஸ்ட், செப்டம்பர்ல விதைச்சு தை, மாசியில அறுக்கறது. ஜனவரியில ஆரம்பிக்கற வருஷத்தை நிரலா வச்சா ஒரே போகத்தோட விதைப்பு ஒரு நிரல்லயும் அறுப்பு அடுத்த நிரல்லயும் போயிடும். விஏஓ அடங்கல் எழுதறது பசலி வருஷத்துல, ஜூலை 1 ஆரம்பம், 2024 ஜூலையில ஆரம்பிச்சது பசலி 1434. காவிரி நடுவர் மன்றம் 2007-ல குடுத்த இறுதித் தீர்ப்புல மாசாமாசம் தண்ணிக் கணக்கு ஜூன்லேர்ந்து மே வரைக்கும், 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் 177.25 டிஎம்சின்னு சொன்னதும் அந்த நீர் வருஷத்துக்குத்தான். பேங்க் கடன் கணக்கு ஏப்ரல்லேர்ந்து. நாலு ஆபீஸ்லேர்ந்து நாலு அட்டவணை வாங்கி பக்கத்துல பக்கத்துல ஒட்டி, 2019ன்னு தலைப்பு இருக்கற நிரல் எல்லாம் ஒரே 2019ன்னு நினைச்சுக்கிட்டு கணக்குப் போட்டா வர்ற விடையில தண்ணிக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லைன்னுதான் வரும். வராம என்ன பண்ணும்.

இன்னொரு குழி ரொம்ப மோசம், இதை நான் ஒவ்வொரு பேட்ச்லயும் போர்டுல எழுதிக் காட்டறேன். ஆர்ல மைனஸ் போட்டா அந்த நிரையை நீக்குன்னு அர்த்தம். மழை[-1, ]ன்னா முதல் நிரை தவிர மிச்சம் எல்லாம். (பைத்தான்ல மைனஸ் 1ன்னா கடைசி நிரை, அங்க எண்றதே சைபர்லேர்ந்து. ரெண்டையும் ஒரே செமஸ்டர்ல படிக்கற பிள்ளைங்க பாடு பாவம்.) இப்ப டைப் பண்றப்ப தப்பா விழுந்த, நடக்கவே முடியாத பெரிய நம்பர் இருக்கற நிரைகளை நீக்கணும்னு விச் போட்டு அதெல்லாம் எத்தனாவது நிரைன்னு கண்டுபிடிச்சு, முன்னாடி ஒரு மைனஸ் போட்டு நீக்கறாங்க. தப்பான நிரை ரெண்டு மூணு இருந்தா அழகா வேலை செய்யும். தப்பே இல்லாத நல்ல அட்டவணையைக் குடுங்க, விச் ஒண்ணும் கண்டுபிடிக்காம வெறுமையா திரும்பும், வெறுமைக்கு முன்னாடி மைனஸ் போட்டாலும் வெறுமைதான், வெறுமையான இண்டெக்ஸ் குடுத்தா ஒரு நிரைகூட வராது, மொத்த அட்டவணையும் காலி. டேட்டா எவ்ளோ சுத்தமோ அவ்ளோ ஆபத்து. விச்சும் வேண்டாம் மைனஸும் வேண்டாம், ஆச்சரியக்குறி போட்டு இந்த நிபந்தனை இல்லாத நிரையெல்லாம் குடுன்னு கேட்டா நீக்க ஒண்ணும் இல்லாதப்ப எல்லாமே பத்திரமா இருக்கும்.

நிபந்தனை வச்சு எடுக்கறப்ப காலிக் கட்டத்தையும் கவனிக்கணும். மழைமானி ரிப்பேர், அளக்கற ஆள் லீவு, இப்படி ஏதாவது ஒரு காரணத்தால ஒரு ஊருக்கு அளவே இல்லை. அது சைபர் இல்லை, தெரியாதுன்னு அர்த்தம், ஆர்ல அதுக்கு என்ஏன்னு தனி அடையாளம் இருக்கு. நவம்பர்ல 200 மில்லிமீட்டர் தாண்டின ஊரெல்லாம் குடுன்னு கேட்டா, அளக்காத ஊருக்குத் தாண்டிச்சா தாண்டலையான்னு ஆருக்குத் தெரியாது, அதனால பேச்சு மூச்சில்லாம ஒரு காலி நிரையையும் சேத்துக் குடுத்துடும். அப்புறம் நிரையை எண்ணி இத்தனை ஊர்ல கனமழைன்னு எழுதினா அளக்காத ஊரும் கனமழைக் கணக்குல. என்ஏவை முதல்லயே ஈஸ் டாட் என்ஏ போட்டுப் பிரிச்சு வச்சுட்டுத்தான் நிபந்தனைக்குப் போகணும். சில பேர் எக்செல்ல காலிக் கட்டம் எல்லாத்துலயும் சைபர் நிரப்பிட்டு வந்துடறாங்க, அது இதைவிடக் கொடுமை, வறட்சின்னு காட்டும்.

கிராம லெவல் டேட்டாவுக்கு வந்தா பேர் வச்சுக் கூப்பிடறதும் பத்தாது. நம்ம பக்கம் கீழையூர்னு எத்தனை ஊர் இருக்கு, யோசிச்சுப் பாருங்க. மேட்ரிக்ஸ்ல ஒரே பேர்ல ரெண்டு நிரை இருந்தா ஆர் ஆட்சேபிக்காது, பேரைச் சொல்லிக் கேட்டா முதல்ல இருக்கற கீழையூரை மட்டும் குடுத்துட்டு சும்மா இருக்கும். ரெண்டாவது கீழையூர் எந்தக் கணக்குலயும் வராது. இன்சூரன்ஸ் வருவாய் கிராமத்தை வச்சுத்தான் கணக்குப் பண்றாங்கன்னு தெரிஞ்ச விவசாயிக்கு இது என்ன அர்த்தம்னு நான் சொல்லவேண்டியதில்லை. அதனால ஊர் பேரோட மாவட்டமும் தாலுக்காவும் சேர்ந்த பேரா இருக்கணும், இல்லைன்னா எல்ஜிடி கோடு (மத்திய அரசு பட்டியல்ல ஒவ்வொரு ஊருக்கும் இருக்கற அடையாள எண்) மாதிரி ஊருக்கு ஒரே ஒரு கோடு இருக்கணும்.

கோடு வச்சாலும் சும்மா விட்டுடக் கூடாது. 12ன்னு கொட்டேஷன் இல்லாமப் போட்டா பன்னெண்டாவது நிரை, கொட்டேஷனுக்குள்ள போட்டா 12ங்கற பேருள்ள நிரை. அப்புறம் பழைய ஆர் பதிப்புல, அந்த ஊர் எண் நிரல்ல யாராவது ஒரே ஒரு கட்டத்துல ஒரு ஹைஃபன் (-) போட்டு வச்சிருந்தாலும் நிரல் முழுக்க ஃபேக்டரா, அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ளுக்குள்ள ஒரு வரிசை எண் வச்சுக்கற வகையா மாறிடும். ஃபேக்டரை பிராக்கெட்டுக்குள்ள குடுத்தா ஊர் எண்ணைப் பாக்காது, உள்ள அது வச்சிருக்கற வரிசை எண்ணைத்தான் பாக்கும். எழுத்து வரிசையில 101 முதல்ல, 12 அடுத்து, 45 அதுக்கடுத்து, முன்னாடி அந்த ஹைஃபன் வேற. ஆக ஒவ்வொரு ஊருக்கும் சம்பந்தமே இல்லாத வேற ஊரோட விளைச்சல் வந்து நிக்கும். 2020 ஏப்ரல்ல வந்த 4.0.0 பதிப்புலேர்ந்து தானா ஃபேக்டரா மாத்தறதை நிறுத்திட்டாங்க, நல்லது பண்ணாங்க, ஆனா லேப்ல இருக்கற எல்லா மெஷின்லயும் புதுப் பதிப்பா இருக்கு?

ஊருக்கு ஒரு மாசம்னு எடுக்கற வேலை ஒண்ணு அடிக்கடி வரும். ஒரு ஊர்ல குறுவை அறுப்பு செப்டம்பர்ல, இன்னொரு ஊர்ல அக்டோபர்ல, அறுக்கற மாசத்துல பெஞ்ச மழைதான் வேணும், ஏன்னா கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்தான்னு நிக்கறாங்களே, அந்த மழைதான் விவசாயி தலையெழுத்து. மூணு ஊரையும் மூணு மாசத்தையும் கமா போட்டுக் குடுத்தா மூணு நம்பர் வரும்னு பிள்ளைங்க எதிர்பாக்கறாங்க, ஆர் 3க்கு 3ன்னு ஒன்பது நம்பர் குடுக்கும், எல்லா ஊருக்கும் எல்லா மாசமும். சிபைண்ட் போட்டு ஊரையும் மாசத்தையும் ஜோடி ஜோடியா ஒட்டி, அந்த ஜோடி அட்டவணையையே இண்டெக்ஸா குடுத்தா மூணே மூணு நம்பர், அந்தந்த ஊருக்கு அந்தந்த மாசம். எனக்கு ஆர்ல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். இதைக் காட்டறப்ப பின் பெஞ்சுல இருக்கற பிள்ளையும் நிமிர்ந்து உக்காரும்.

நிபந்தனையில ஒரே ஒரு ஊர் மட்டும் தேறினா அந்த அட்டவணை சுருங்கி வெறும் வரிசையா ஆயிடும், நிரை நிரல்ங்கற உருவமே போயிடும், அதுக்கு டிராப் = ஃபால்ஸ்னு போட்டுக்கணும். இது பரவாயில்லை, அடுத்த வரியில நிரை நிரையா கூட்டற ரோசம்ஸ் போட்டாலே எரர்னு கத்திடும்.

இவ்ளோ சொல்லிட்டு ஒண்ணு சொல்லலைன்னா தப்பு. இந்தத் தப்பையெல்லாம் பிடிக்கறதுல நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு பலம் இருக்கு, அவங்க வயக்காட்டுலேர்ந்து வர்றவங்க. எந்த வருஷம் எந்த ஊர் முழுகிச்சுன்னு வீட்டுல பேசறதைக் கேட்டு வளந்தவங்க. சீர்காழியில 2022 நவம்பர்ல ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் கிட்டக் கொட்டிச்சே, அந்த மழையை யாரும் மறக்க முடியாது. அந்த வருஷத்து டெல்டா மழை அட்டவணை கையில வந்ததும் முதல் வேலையா அதிகபட்ச மழை எந்தக் கட்டத்துல இருக்குன்னு விச்சுல ஏஆர்ஆர் டாட் இண்ட் = ட்ரூன்னு போட்டுக் கேக்கச் சொல்லுவேன், நிரையும் நிரலும் சொல்லிடும். அது சீர்காழியா வரணும், 2022 நவம்பர் 12-ஆ வரணும். வேற ஊர் வந்தா எங்கயோ நிரல் மாறிப்போச்சு. 12 வந்து, எங்க ஊர்ல 11-ந் தேதி ராத்திரியே கொட்டிச்சேன்னு யாராவது கேட்டா இன்னும் நல்லது, வானிலைக்காரங்க காலை எட்டரை மணிக்கு அளந்து அதுக்கு முந்தின 24 மணி நேரத்து மழையை அன்னைத் தேதியில எழுதறாங்கன்னு சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. கஜா புயல் கரை கடந்த 2018 நவம்பர் 16, அணையை மே 24-லயே திறந்த 2022ன்னு இப்படி எல்லாருக்கும் தெரிஞ்ச சில நாளை வச்சுக்கிட்டு, அந்தக் கட்டம் சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகணும். திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, ப்ராஜெக்ட் கிராஃபைப் பாத்துட்டு, மேடம் எங்க ஊருக்கு அந்த மாசம் இவ்ளோ கம்மியா பெய்யவே இல்லைன்னு எழுந்து நின்னு சொன்னா. நிரப்பினதுல பைரோ விட்டுப்போச்சு. புத்தகத்துல இருக்கற வெளிநாட்டுக் கார் டேட்டாவையும் பூ இதழ் டேட்டாவையும் வச்சு நடத்தியிருந்தா அந்தப் பொண்ணால அதைச் சொல்லியிருக்க முடியாது.

அதனால பாடத்திட்டம் போடறவங்களுக்கு என் வேண்டுகோள், ப்ராக்டிக்கல் மார்க்ல பாதியை இதுக்கு வைங்க. ஒரு அட்டவணையைக் குடுத்து, வேணும்னே ஒரு இடத்துல நிரையை மாத்திக் குடுத்து, எங்க தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. மாவட்டப் புள்ளியியல் ஆபீஸ்லயும் வேளாண் துறையிலயும் இருக்கறவங்களுக்கு, தாலுக்கா மழை அளவையும் அறுவடைப் பரிசோதனை விளைச்சலையும் பிடிஎஃப்பா போடாம சிஎஸ்வி ஃபைலா போடுங்க, ஊர் கோடோட, எந்த வருஷக் கணக்குன்னு தலைப்புல தெளிவா எழுதி, அளக்காத இடத்தைக் காலியாவே விட்டு.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். தினம் போடற மேட்டூர் நீர்மட்டக் கட்டத்தை, தேதி ஒரு நிரல்லயும் மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு தனித்தனி நிரல்லயுமா உங்க இணையதளத்துல ஒரே ஃபைலா சேத்துக்கிட்டே வாங்க, யார் வேணும்னாலும் இறக்கிக்கற மாதிரி. பழைய பேப்பர்ல இருக்கறதை டைப் பண்ண ஆள் இல்லைன்னா சொல்லுங்க, எங்க பிள்ளைங்க பண்ணித் தருவாங்க. ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் சரிபாத்து, ஜூன் 12-ஐ நாலு இடத்துல செக் பண்ணி அனுப்பறோம்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.